சுருங்கிய ஒலி

சென்ற பொங்கல் விழாவில் நம் சங்கத்து நண்பர்கள் நிகழ்த்திய வில்லுப்பாட்டைக் கேட்டவர்கள் அதை இன்னும் மறந்திருக்கமாட்டார்கள். அதன் ஒலிப்பதிவு நம்மிடம் இருக்கிறது. ஆனால், இருக்கும் படியைப் போட்டுக் கேட்டால் ஜால்ராவின் ஓசை சலசலவென்று கலைந்து கேட்கிறது. உடுக்கையின் அடி மழுங்கியிருக்கிறது. நண்பர் ஒருவர் இதற்கு மருந்து கண்டார். எம்பி3 கோப்பாக இருந்ததை வேவ் கோப்பாக மாற்றினார். "முன்பு 10 மெகாபைட்டுக்கும் குறைவு, இப்போது 100க்கு மேல்! இனித் தெளிவாகக் கேட்கும், பாருங்கள்" என்றார். கேட்டோம். ஒரு மாறுதலும் இல்லை. அது ஏன் என்று விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒலி என்பது காற்றின் அதிர்வு என்று பள்ளியிலேயே படித்தோம். அந்த அதிர்வை மைக் மின் ஏற்ற இறக்கமாக மாற்றுகிறது. கணிப்பொறி அந்த ஏற்ற இறக்கத்தை விட்டுவிட்டு அளந்து, எண்களாக எழுதிக்கொள்கிறது. ஒலித்தட்டான சி.டி.யில் ஒரு விநாடிக்கு 44,100 முறை அளக்கிறார்கள். இவ்வளவு எதற்கு? மனிதனின் காது விநாடிக்கு ஏறக்குறைய 20 முதல் 20,000 அதிர்வு வரை கேட்கும். ஓர் அதிர்வை உள்ளபடி பிடிக்க வேண்டுமானால், அதன் இருமடங்குக்கு மேல் அளக்க வேண்டும் என்பது விதி. ஆகவே 40,000க்குச் சற்று மேலே போகவேண்டியிருக்கிறது. ஒவ்வோர் அளவும் 16 பிட்டில் எழுதப்படும். அதாவது 65,536 படிகளுள் ஒன்றாக அமையும். இடம், வலம் என்று இரண்டு தடங்கள். பெருக்கிப் பாருங்கள்: விநாடிக்கு 14,11,200 பிட் வரும். நிமிடத்துக்குப் பத்தரை மெகாபைட்டு. வேவ் கோப்பு என்பது பெரும்பாலும் இந்த எண்களை வரிசையாக அடுக்கி வைத்திருப்பதுதான். வேறு மாயம் ஒன்றும் அதில் இல்லை.

இதைச் சுருக்க இரண்டு வழிகள் உண்டு. இரண்டும் ஒன்றல்ல என்பதைத்தான் நம்மில் பலர் மறந்துவிடுகிறோம்.

பாட்டுப் புத்தகத்தைப் பார்த்திருப்பீர்கள். பல்லவியை முதலில் ஒருமுறை முழுமையாக அச்சிட்டிருப்பார்கள். பிறகு ஒவ்வொரு சரணத்தின் முடிவிலும் 'பல்லவி' என்ற ஒரு சொல் மட்டும் இருக்கும். தாள் மிச்சம், பாடுகிறவருக்கோ ஓர் எழுத்தும் நட்டமில்லை. இது இழப்பில்லாத சுருக்கம். 2001இல் வெளிவந்த பிளாக் என்னும் கோப்புமுறை இந்த இனத்தைச் சேர்ந்தது. முன்சென்ற எண்களைக் கொண்டு அடுத்த எண் எதுவாக இருக்கும் என்று அது கணிக்கும். கணிப்புக்கும் உண்மைக்கும் உள்ள சிறு வேறுபாட்டை மட்டும் எழுதி வைக்கும். கோப்பு பெரும்பாலும் பாதியளவுக்கோ அதற்குச் சற்று மேலாகவோ குறையும். விரித்தால் பழைய எண்கள் ஒன்றுகூட மாறாமல் திரும்ப வரும்.

எம்பி3 செய்வது வேறு. விடுதி உணவறையில் தட்டுகள் மோதும் நேரத்தில், பக்கத்தில் இருப்பவர் முணுமுணுப்பது நம் காதில் விழுவதில்லை அல்லவா? ஓங்கிய ஒலி தன்னை ஒட்டிய மெல்லொலியை மறைத்துவிடுகிறது. 'கேட்காத ஒலியை ஏன் சுமக்க வேண்டும்?' என்று கேட்டார்கள் ஜெர்மானிய அறிஞர் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க்கும் அவரைப்போன்ற ஆராய்ச்சியாளரும். சுசான் வேகா என்ற அமெரிக்கப் பாடகி பக்கவாத்தியமின்றித் தனிக்குரலில் பாடிய பாடல் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சுருக்கிப் பார்த்து, பிராண்டன்பர்க் தம் முறையைத் திருத்தினார். தனிக்குரலில் பிழையை ஒளிக்க இடமில்லை. அதனால்தான் அந்தத் தேர்வு. கோப்புக்கு எம்பி3 என்ற பெயர் 1995இல் அமைந்தது. விநாடிக்கு 1,28,000 பிட் என்ற அளவில் சுருக்கினால், கோப்பு மூலத்தில் பதினொன்றில் ஒரு பங்காகிவிடும்.

நம் வில்லுப்பாட்டு எங்கே கெட்டது என்பதை இப்போது பார்க்கலாம். எம்பி3 ஒலியைச் சிறு துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் தோராயப்படுத்துகிறது. அந்தத் தோராயத்தால் எழும் இரைச்சல் துண்டு முழுவதும் பரவும். நீண்டு ஒலிக்கும் குரலில் அது மறைந்துவிடும். உடுக்கையின் அடியோ அமைதியைக் கிழித்துக்கொண்டு திடீரென எழுவது. அடி விழுவதற்கு முன்பே அதன் நிழல்போல் ஓர் இரைச்சல் கேட்கும். அடியின் கூர்மை போய்விடும். இதைத் தடுக்கத் துண்டுகளைச் சிறிதாக்கும் ஏற்பாடு எம்பி3இலேயே உண்டு. எனினும் பிட்டுகள் போதாவிட்டால் அதுவும் கைகொடுப்பதில்லை. ஜால்ராவின் மினுமினுப்பு உயர்ந்த அதிர்வுகளில் இருப்பது. சிக்கனம் செய்யும்போது முதலில் வெட்டுப்படுவது அந்தப் பகுதிதான். வில், உடுக்கை, குடம், ஜால்ரா, இடையில் 'ஆமா' என்று குழுவின் கூட்டுக்குரல்! எம்பி3க்கு இதைவிடக் கடினமான சோதனையை நாமே தேடினாலும் கண்டிருக்கமாட்டோம்.

நண்பரின் மருந்து பலிக்காததும் இதனால்தான். தேர்வுக்காக 400 பக்க நூலைப் பத்துப் பக்கக் குறிப்பாக எழுதுகிறோம். அக்குறிப்பைப் பெரிய எழுத்தில் 400 பக்கத்துக்கு எழுதினால் நூல் திரும்ப வந்துவிடுமா? தாள்தான் செலவாகும். அது மட்டுமன்று. எம்பி3ஐத் திருத்தி மறுபடியும் எம்பி3ஆகச் சேமித்தால், குறிப்புக்கே குறிப்பு எழுதியதாக முடியும். கோப்பின் பெயரில் உள்ள ஒட்டைக் கையால் மாற்றுவதிலும் பயனில்லை. புளி டப்பாவின்மேல் 'சர்க்கரை' என்று எழுதுவது போன்றதே அது.

எம்பி3 கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. விநாடிக்கு 2,56,000 பிட் கொடுத்தால் பெரும்பாலோர் வேறுபாடு காணமாட்டார்கள். பேருந்தில் கேட்க அது தாராளம். சேமித்து வைக்கும் படி மட்டும் வேவாகவோ பிளாக்காகவோ இருக்கட்டும். கேட்பதற்கும் அனுப்புவதற்கும் அதிலிருந்து வேண்டியமட்டும் எம்பி3 எடுத்துக்கொள்ளலாம். செல்பேசியில் குரற்செய்தியாக அனுப்பினால் ஒலி மறுபடியும் சுருக்கப்படும். ஆவணமாக அனுப்பினால் உள்ளபடி போய்ச் சேரும்.

வில்லுப்பாட்டுக் குழுவில் பாதிப்பேர் படிப்பை முடித்து ஊர் திரும்பிவிட்டார்கள்; அதே நிகழ்ச்சியை இனி மேடையேற்ற வழியில்லை. அன்று முன்வரிசையில் இருந்த மூன்று நான்கு பேர் தம் செல்பேசிகளிலும் பதிவு செய்ததை நானே பார்த்தேன். இடம் போதவில்லை என்று அவற்றை அழித்துவிடும் முன்பு, அந்தக் கோப்புகளை எந்த மாற்றமும் செய்யாமல், கம்பி வழியாகவே நம் சங்க அறையின் கணிப்பொறியில் ஏற்றிவிடுங்கள். மாலை ஆறு மணிக்குமேல் அங்கே யாராவது இருப்போம்.