ஆம்ப்ளிஃபயர் சூடாகிறதா? கழற்றும் முன் ஒரு கேள்வி

“பத்து நிமிஷம் பாடினா மேல கை வைக்க முடியல, தானா ஆஃப் ஆயிடுது.” ஆடியோ சர்வீஸ் கடையில் புதிதாகச் சேர்பவர் அடிக்கடி கேட்கப்போகும் புகார் இது. உடனே அவுட்புட் டிரான்சிஸ்டரை மாற்றக் கை பரபரக்கும். பொறுங்கள். சும்மா ஆன் செய்து வைத்தாலே சூடாகிறதா, சத்தம் கூட்டினால்தான் சூடாகிறதா? இதை வாடிக்கையாளரிடம் கேட்டு ஜாப் கார்டில் எழுதுங்கள். எங்கே தேட வேண்டும் என்பதை அந்தப் பதிலே சொல்லிவிடும்.

சத்தம் கூட்டினால்தான் சூடு

கோளாறு பெரும்பாலும் பெட்டிக்கு வெளியே இருக்கும். 8 ஓம் ஸ்பீக்கர் இரண்டைப் பேரலலாக இணைத்தால் 4 ஓம். ஆம்ப்ளிஃபயர் இரு மடங்கு மின்னோட்டம் தர வேண்டும். பின்பக்கம் அச்சிட்டிருக்கும் குறைந்தபட்ச ஓம் அளவோடு ஒப்பிடுங்கள். 8 ஓம் ஸ்பீக்கர் மல்டிமீட்டரில் 6 ஓம் அளவில் காட்டுவது இயல்புதான். ஒயரின் ஒரு இழை பக்கத்து டெர்மினலைத் தொடுகிறதா, டிவி ஸ்டாண்டின் மூடிய தட்டில் வைத்து மேலே செட்டாப் பாக்ஸை ஏற்றியிருக்கிறார்களா என்றும் விசாரியுங்கள். பிறகு தூசி, ஃபேன், காய்ந்துபோன ஹீட்சிங்க் பேஸ்ட்.

சும்மா இருந்தே சூடு

இப்போது மூடியைக் கழற்றலாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஃபில்டர் கெப்பாசிட்டர்களை 100 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் வழியாக டிஸ்சார்ஜ் செய்து, மீட்டரில் உறுதி செய்தபின் கை வையுங்கள்.

முதல் முறை ஆன் செய்யும்போது 100 வாட் குண்டு பல்பைச் சீரீஸில் போடுங்கள். பளிச்சென்று எரிந்து மங்கினால் நல்லது. பிரகாசமாகவே நின்றால் உள்ளே ஷார்ட், உடனே நிறுத்துங்கள்.

பல்ப் மங்கினால் அதை எடுத்துவிட்டு, ஸ்பீக்கரும் பாட்டும் இல்லாமல், எமிட்டர் ரெசிஸ்டரின் இரு முனைகளில் மில்லிவோல்ட் பாருங்கள். 0.22 ஓமில் 5.5 மில்லிவோல்ட் என்றால் 25 மில்லிஆம்பியர். அதுவே 55 காட்டினால் 250 மில்லிஆம்பியர். சப்ளை பிளஸ், மைனஸ் 35 வோல்ட் என்றால், பாட்டே இல்லாமல் ஒரு ஜோடி டிரான்சிஸ்டர் 17 வாட்டுக்கு மேல் சூடாக வீணடிக்கிறது. சரியான அளவுக்கு சர்வீஸ் மேனுவலைப் பாருங்கள்.

அளவு மிகுந்தால் சந்தேகம் இரண்டின் மேல்: தேய்ந்த பயாஸ் ப்ரீசெட், ஹீட்சிங்கை விட்டு விலகிய பயாஸ் டிரான்சிஸ்டர். இது விலகினால் சூடு ஏற மின்னோட்டம் ஏறும், மின்னோட்டம் ஏற மறுபடி சூடு ஏறும். ப்ரீசெட்டை மெல்லத் திருப்பி, கால் மணி நேரம் கழித்து மீண்டும் சரிபாருங்கள்.

கொடுக்கும் முன்

மூடியைப் பொருத்தி, ஸ்பீக்கர் லோடு கொடுத்து ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள். பழுதுக்கு முன்னும் பின்னும் எடுத்த மில்லிவோல்ட் அளவுகளைப் பில்லோடு எழுதிக் கொடுங்கள். எதற்குக் காசு வாங்கினீர்கள் என்று விளக்க அதுவே போதும். தெர்மல் கட்-ஆஃபை பைபாஸ் செய்து மட்டும் அனுப்பாதீர்கள். அது பழுதை மறைக்கும். வீட்டில் தீப்பிடித்தால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.