முன் டயர்ல மிச்சம் பிடிக்காதே, தம்பி

பத்துச் சக்கர லாரி எடுத்திருக்கே. டியூ கட்டணும், டீசல் போடணும், டோல்கேட் வேற. இந்த நெருக்கடியில டயர் மாத்தப் போனா கடைக்காரர் ரெண்டு விலை சொல்லுவார். மனசு தானா குறைஞ்ச விலைப் பக்கம் சாயும். அங்கேதான் நீ நிதானிக்கணும். லாரி டயருக்கு விலையைப் பார்க்காதே, கிலோமீட்டருக்கு எத்தனை பைசா விழுதுன்னு பாரு.

ஒரு பேச்சுக்கு வச்சுக்குவோம். நல்ல கம்பெனி ரேடியல் டயர் 24,000 ரூபாய், 1,20,000 கிலோமீட்டர் ஓடுது. கிலோமீட்டருக்கு 20 பைசா. மலிவு டயர் 16,000 ரூபாய், 60,000 கிலோமீட்டர்லயே மொட்டை ஆயிருது. கிட்டத்தட்ட 27 பைசா. இதோட விட்டாலும் பரவாயில்ல. நல்ல டயரோட கேசிங் உறுதியா இருந்தா ரீட்ரேட் பண்ணலாம். அதுக்கு 6,000 ரூபாய் போட்டு இன்னும் 60,000 ஓட்டினா, மொத்தம் 30,000 ரூபாய்க்கு 1,80,000 கிலோமீட்டர். 17 பைசாவுக்குள்ள வந்துருது. மலிவு டயர்ல பல நேரம் பக்கச்சுவர் விட்டுப் போயிரும், ரீட்ரேட் கடைக்காரரே எடுக்க மாட்டார். டயருக்கு 10 பைசா வித்தியாசம்னா பத்து டயருக்குக் கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய். மாசம் 8,000 கிலோமீட்டர் ஓடுற வண்டிக்கு 8,000 ரூபாய், கண்ணு! டியூ பாரம் அதுல கொஞ்சம் குறையும்.

இந்தத் தொகையெல்லாம் ஊருக்கு ஊர், லோடுக்கு லோடு மாறும். அதனால டயர் ஏத்துற அன்னிக்கே மீட்டர் ரீடிங், டயர் நம்பர், எந்த இடத்துல மாட்டினதுங்கிறதை ஒரு நோட்டுல எழுதி வை. நாமக்கல்ல லாரித் தொழில் பண்ணுறவங்களைக் கேட்டுப் பாரு, டயர் கணக்குத் தெரியாம இந்தத் தொழில்ல நிக்க முடியாதுன்னுதான் சொல்லுவாங்க.

முன் டயர் ரெண்டுக்கும் இந்தப் பைசாக் கணக்கே வேண்டாம். பின்னாடி ஜோடியில ஒண்ணு வெடிச்சா பக்கத்து டயர் கொஞ்ச தூரம் தாங்கும், வண்டியை ஓரங்கட்டிரலாம். முன்னாடி வெடிச்சா ஸ்டியரிங் ஒரு பக்கமா இழுத்துக்கிட்டுப் போயிரும். லோடோட தொப்பூர் கணவாய் இறங்கும்போது டிரைவர் அண்ணனோட உசிரு அந்த ரெண்டு டயர்லதான் இருக்கு. அங்கே புது டயர், நல்ல டயர் மட்டும்தான். ரீட்ரேட் டயரை முன்னாடி மாட்டவே மாட்டாதே. முன்னாடி ஓடிப் பட்டன் குறைஞ்சதைப் பின்னாடி தள்ளிக்கோ.

மலிவு டயர் வாங்கவே கூடாதுன்னு நான் சொல்லலை. கல்குவாரி, கிரஷர் நடை அடிக்கிற வண்டியில டயர் தேஞ்சு சாகுறதில்ல, கல்லு கிழிச்சுத்தான் சாகும். அங்கே விலை கூடின ஹைவே ரேடியலைப் போட்டுக் கிழிய விடுறதைவிட நைலான் டயர் போதும். உள்ளூர்லயே மெதுவா ஓடுற வண்டி, சீக்கிரம் விக்கப் போற வண்டி, இதுக்கெல்லாமும் பின்னாடி மலிவு டயர் சரிதான்.

வாங்கும்போது டயரோட பக்கச்சுவர்ல தேதியைப் பாரு. நாலு இலக்கம் இருக்கும். 2324ன்னா 2024ஆம் வருஷம் 23ஆவது வாரம் செஞ்சதுன்னு அர்த்தம். ரொம்ப நாள் கிடந்த பழைய ஸ்டாக்கைச் சலுகை விலைன்னு தலையில கட்டப் பார்ப்பாங்க. பில் இல்லாம வாங்காதே; பின்னால க்ளெய்ம்னு போய் நின்னா பில்லைத்தான் முதல்ல கேப்பாங்க. எம்.ஆர்.எஃப்., அப்பல்லோ, ஜே.கே., சியட்னு எந்தக் கம்பெனி ஆனாலும், உன் வண்டி போற ரூட்ல அதுக்கு டீலர் இருக்காரான்னு விசாரிச்சுக்கோ. ஜோடி டயர் ரெண்டும் ஒரே உயரம் இருக்கணும். உயரம் கூடினது பாரத்தை மொத்தமாத் தன் மேல வாங்கிச் சூடாகி வெடிக்கும்.

எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் ஓவர்லோடு ஏத்தினா வீண்தான். மூணு ஆக்சில் பத்துச் சக்கர வண்டிக்கு வண்டி எடையும் சேர்த்து 28.5 டன்னுன்னு 2018லதான் கூட்டிக் கொடுத்தாங்க, அதுக்கு முன்னாடி 25 டன். அந்த அளவோட நிறுத்திக்கோ. காத்தையும் காலையில வண்டி எடுக்கிறதுக்கு முன்னாடி, டயர் குளிர்ந்திருக்கும்போதே கேஜ் வச்சுப் பாரு. ராடால தட்டிப் பார்த்துட்டு ‘இருக்கு, இருக்கு’ன்னு கிளம்பினா குறைஞ்ச காத்துல ஓடி டயர் உள்ளுக்குள்ளயே வெந்துரும். சித்திரை வெயில்ல இதை ஒரு நாளும் விடாதே.

கையில காசு பத்தலைன்னா பத்தையும் மலிவுல மாத்தாதே. முன்னாடிக்கு ரெண்டு நல்ல டயர் மட்டும் இப்ப வாங்கு. பின்னாடிக்கு உன் சொந்தக் கேசிங்ல நல்லா இருக்கிறதைத் தேர்ந்தெடுத்து ரீட்ரேட் போட்டுக்கோ. பேர் தெரியாத புது டயரைவிட அதை நம்பலாம். அடுத்த நடை லோடு ஏத்துறதுக்கு முன்னாடி முன் டயர் ரெண்டையும் குனிஞ்சு பார்த்துட்டு எனக்கு ஒரு ஃபோன் போடு.