பேஸ் கிதாருக்கு இன்னொரு பெட்டி

சித்திரை, ஆடி வந்துவிட்டால் கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் ஆர்கெஸ்ட்ரா வேன்களுக்கு ஓய்வில்லை. திறந்த திடலில் பேஸ் எடுபடவில்லை என்று கூடுதல் ஸ்பீக்கர் பெட்டி வாங்கப் போகிறவர்கள் முதலில் வாட்ஸைத்தான் கேட்கிறார்கள். கேட்க வேண்டியது ஓம்.

ஆம்ப்ளிஃபயரின் பின்புறம் குறைந்தபட்ச ஓம் அச்சிட்டிருக்கும்; டிரான்சிஸ்டர் ஆம்ப்களில் பெரும்பாலும் 4. இரண்டு 8 ஓம் பெட்டிகளை இணையாக மாட்டினால் சரியாக 4 வரும். 8 ஓமோடு 4 ஓமைச் சேர்த்தாலோ 2.7க்கு இறங்கிவிடும், ஆம்ப் சூடேறி நடுப்பாட்டில் அணையும், புகைந்தாலும் புகையும். காம்போ என்றால் உள்ளிருக்கும் ஸ்பீக்கரையும் கணக்கில் சேருங்கள். “அதெல்லாம் தாங்கும்ணே” என்பவரிடம் கேட்டு வாங்காதீர்கள்.

இருக்கிற பெட்டியின் அதே மாடல்தான் நல்ல ஜோடி. 15 அங்குலம் ஒன்றுள்ள பெட்டியையும் 10 அங்குலம் நான்குள்ள பெட்டியையும் ஒரே ஓமில் சேர்த்தால் பவர் சரிபாதியாகப் பிரியும். ஒற்றை 15 பாதியைத் தனியாகத் தாங்க வேண்டும். 10 அங்குலம் ஒவ்வொன்றுக்கும் எட்டில் ஒரு பங்குதான். எது முதலில் கிழியும் என்று சொல்லத் தேவையில்லை. சென்சிடிவிட்டியையும் பாருங்கள்: 3 டெசிபல் கூடுதல் என்றால் வாட்ஸ் இரட்டித்ததற்குச் சமம்.

வெள்ளிமலை, கரியாலூர் என்று கல்வராயன் மலையேறுகிறவர்களுக்கு நியோடிமியம் காந்தப் பெட்டி. விலை கூடும், இடுப்பு பிழைக்கும். மேடையில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குங்கள். ஆம்ப்பிலிருந்து பெட்டிக்குக் கிதார் கேபிளைப் போடாதீர்கள், தடித்த ஸ்பீக்கர் கேபிள் வேண்டும்.