இரண்டு கோட்டான்கள்

கேள்வி: அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்ட மெல்லலகுக் கோட்டானும் நம் கடற்கரைக்கு வரும் பெரிய கோட்டானும் ஒன்றா? (வாசகர், செம்மேடு, கொல்லிமலை)

பதில்: ஒன்றல்ல, நெருங்கிய உறவுகள். மலையில் இருக்கும் நீங்கள் பெரிய கோட்டானைப் பார்க்கக் கோடியக்கரைக்கோ மன்னார் வளைகுடாவுக்கோ குளிர்காலத்தில் இறங்கிவர வேண்டும். கரைப்பறவைகளில் மிகப் பெரியவற்றுள் ஒன்று அது. அரிவாள்போல் கீழ்நோக்கி வளைந்த அலகைச் சேற்றில் ஆழச் செருகி நண்டும் புழுவும் எடுக்கும்.

மெல்லலகுக் கோட்டான் அதைவிடச் சிறியது. அலகு குட்டை, நுனியில் ஊசியாக மெலியும். உறுதியான அடையாளம் விலாப்புறம்தான்: பெரியதற்குக் கோடுகளும் அம்புமுனைக் குறிகளும், இதற்கு வெள்ளையில் வட்டமான கரும்புள்ளிகள்.

சைபீரியாவில் கூடு கட்டி, மத்தியதரைக் கடலோரம் குளிர்காலம் கழித்த பறவை இது. கூடுகளை நேரில் கண்டு பதிவுசெய்தவர் ரஷ்யப் பறவையியலாளர் உஷகோவ் ஒருவரே, அங்குள்ள தாரா நகருக்கு அருகே, 1909-க்கும் 1925-க்கும் இடையில். ஐயமற்ற கடைசிப் பதிவு 1995 பிப்ரவரியில், மொராக்கோவின் மெர்ஜா செர்காவில். 2025 அக்டோபரில் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் (ஐ.யூ.சி.என்.) இதை அற்றுப்போனதாக அறிவித்தது. வேட்டையும், சதுப்புகளை வடித்து வயலாக்கியதும் முக்கியக் காரணங்கள். எனக்குத் தாங்க முடியாதது, கூடு கட்டும் இடத்தையே சரியாக அறிவதற்குள் அதை இழந்தது. பெரிய கோட்டானும் இன்று அச்சுறுத்தலை நெருங்கிய இனங்களின் பட்டியலில் இருக்கிறது.