கன்னம் சரிந்ததா, வற்றியதா?

“நூல் போட்டுத் தூக்கிவிடலாமா டாக்டர்?” நாற்பதைத் தாண்டியவர்கள் பலர் இந்தக் கேள்வியோடுதான் வருகிறார்கள். அதற்கு முன், ஒரு கைக்கண்ணாடியோடு மல்லாந்து படுத்துப் பாருங்கள். மூக்கோரத்திலிருந்து வாய்க்கு இறங்கும் கோடு மங்கினால், கன்னத்துக் கொழுப்பு கீழே சரிந்திருக்கிறது. கண்ணுக்குக் கீழுள்ள பள்ளம் அப்படியே இருந்தால், கொழுப்பும் அதற்கடியில் உள்ள எலும்பும் வற்றியிருக்கக்கூடும். வற்றியதை எந்த நூலும் நிரப்பாது. பலருக்கு இரண்டும் கலந்தே இருக்கும். எது அதிகம் என்பதை மருத்துவர்தான் தொட்டுப் பார்த்துச் சொல்லவேண்டும்.

பிடிஓ நூல் என்பது அறுவை சிகிச்சையில் தைக்கப் பயன்படும், தானே கரையும் நூல்தான். தூக்குவதற்காக அதில் முட்கள் இருக்கும். சில மாதங்களில் கரைந்துவிடும். தூக்கல் ஓராண்டைத் தாண்டுவது அரிது. லேசான சரிவுக்குச் சரி. கனத்துத் தொங்கும் கன்னத்துக்கு நான் பரிந்துரைப்பதில்லை: தோலில் குழி விழுந்து, பணமும் போய்விடும்.

நிலைத்த பலன் வேண்டுமென்றால் எண்டோஸ்கோப்பி முறை. நெற்றிப்பொட்டுக்கு மேலே முடிக்குள் சிறு கீறல், தேவைப்பட்டால் மேலுதட்டின் உட்புறம் இன்னொன்று. கேமராவில் பார்த்தபடியே, கன்னத்தை எலும்பை ஒட்டிய சவ்வோடு பெயர்த்து மேலேற்றி, நெற்றிப்பொட்டின் தசையுறையில் தைத்து நிறுத்துவோம். காதோரத் தழும்பு கிடையாது. ஆனால் இது சின்ன வேலையும் அல்ல. மயக்க மருந்து வேண்டும். வீக்கம் இரண்டு மூன்று வாரம் நன்றாகவே தெரியும், முழுதாக வடிய மாதங்கள் ஆகும். வீட்டில் கல்யாணம் வருகிறதென்றால் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். கன்னம் சில காலம் மரத்திருக்கும். புருவத்தை உயர்த்தும் நரம்பு அந்த வழியில்தான் ஓடுகிறது. அதனால் இந்த அறுவையில் பழகிய கை வேண்டும். எம்.சிஎச். அல்லது டிஎன்பி பிளாஸ்டிக் சர்ஜரி படித்தவரா, இதே அறுவையை வழக்கமாகச் செய்கிறவரா என்று கூசாமல் கேளுங்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், புகைப்பழக்கம், ஆஸ்பிரின் எதையும் மறைக்காதீர்கள். ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். இதய மருத்துவரும் சேர்ந்து முடிவெடுக்கட்டும்.

பள்ளத்துக்கு ஹையலூரானிக் அமில ஃபில்லர் போடுவதானால், அதைக் கரைக்கும் ஹையலூரானிடேஸ் மருந்து அந்த கிளினிக்கிலேயே இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இல்லையென்றால் அங்கே ஊசி போட்டுக்கொள்ளாதீர்கள். போட்ட பிறகு தோல் வெளுத்தாலோ, கடுமையாக வலித்தாலோ, பார்வை மங்கினாலோ ரத்தக்குழாய் அடைபட்டிருக்கலாம். ஐஸ் வைத்துக்கொண்டு காலைவரை காத்திராமல், உடனே ஊசி போட்டவரை அழையுங்கள். பார்வையில் மாற்றம் என்றால் நேராகக் கண் மருத்துவர் உள்ள பெரிய மருத்துவமனைக்கு ஓடுங்கள்.