முதுகில் நோவு, இடுப்பில் ஏன் வெட்டு?

(உயர்தரம், உயிரியல் விஞ்ஞானப் பிரிவு)

கடந்த வருடம் எனது உம்மும்மாவுக்கு முள்ளந்தண்டில் சத்திரசிகிச்சை செய்ய வேண்டியிருந்தது. நாரிப் பகுதியில் ஒரு முள்ளென்பு தனக்குக் கீழே உள்ள என்பின் மேல் முன்னோக்கி வழுக்கி, காலுக்குச் செல்லும் நரம்பை நெரித்துக்கொண்டிருந்தது. நெரிபட்ட நரம்பை விடுவித்து, இரண்டு முள்ளென்புகளையும் ஒன்றாக இணைக்க வேண்டும் என்றும், அதற்காக இடுப்பென்பிலிருந்து சிறிதளவு என்பு எடுக்க நேரலாம் என்றும் வைத்தியர் விளக்கினார். எல்லாவற்றையும் கேட்டிருந்த உம்மும்மா ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"நோவு முதுகுலதானே மகன், இடுப்புல எதுக்கு வெட்டுற?"

வைத்தியர் பொறுமையாகப் பதில் சொன்னார். பயத்தில் எங்களுக்குப் பாதிதான் விளங்கியது. உயிரியல் படிக்கும் என்னாலும் அன்றிரவு வீட்டாருக்கு அதை விளக்க முடியவில்லை. பிறகு தேடிப் படித்து நான் அறிந்துகொண்டதே இக்கட்டுரை.

ஆணி தாங்கும், என்பே இணைக்கும்

இச்சத்திரசிகிச்சையில் தைட்டேனியம் ஆணிகளும் கம்பிகளும் பொருத்தப்படுகின்றன. அவையே முதுகை இணைக்கின்றன என்றுதான் பலரும் நினைக்கிறோம். உண்மையில் அவை என்பு வளரும்வரை அசையாமல் பிடித்துக்கொள்பவை மாத்திரமே. ஒரு கம்பியை மீண்டும் மீண்டும் வளைத்தால் அது ஒருநாள் முறிந்துவிடும். அதுபோல என்புகள் ஒட்டாவிட்டால், நாளாந்த அசைவினால் ஆணிகள் தளரலாம் அல்லது முறியலாம்.

1911ஆம் ஆண்டு நியூயோர்க் நகரில் ரசல் ஹிப்ஸ், பிரெட் அல்பி ஆகிய இரு வைத்தியர்கள், காசநோயால் பாதிக்கப்பட்ட முள்ளந்தண்டை இணைக்கும் சத்திரசிகிச்சையைத் தனித்தனியே செய்தனர். அன்று இன்றுள்ள ஆணிகள் இருக்கவில்லை. ஹிப்ஸ் முள்ளந்தண்டிலிருந்தே எடுத்த என்புத் துண்டுகளையும், அல்பி நோயாளியின் கீழ்க்கால் என்பிலிருந்து எடுத்த துண்டையும் பயன்படுத்தினர். இவ்வாறு வைக்கப்படுவதே என்பு ஒட்டு.

பந்தல், விதை, அழைப்பு

நல்ல என்பு ஒட்டு மூன்று வேலைகளைச் செய்கிறது. முதலாவது, பாகற்கொடிக்குப் பந்தல் போல, புதிய குருதிக் கலன்களும் கலங்களும் படர்ந்து வளர இடம் கொடுப்பது. இரண்டாவது, விதை போல, என்பை ஆக்கும் உயிருள்ள கலங்களைத் தன்னுடன் கொண்டுவருவது. மூன்றாவது, சுற்றியுள்ள கலங்களை "வந்து என்பை ஆக்குங்கள்" என்று அழைக்கும் புரதங்களைக் கொண்டிருப்பது. ஒவ்வொரு பொருளையும் இம்மூன்றையும் கொண்டு அளந்து பார்க்கலாம்.

எந்தப் பொருள், எங்கிருந்து?

நோயாளியின் சொந்த என்பில் மூன்றும் உண்டு. இடுப்பென்பின் மேல்விளிம்பில் பஞ்சு போன்ற என்பும் மச்சையும் நிறைந்திருப்பதால் அங்கிருந்து எடுக்கிறார்கள். உம்மும்மாவின் கேள்விக்கு விடை இதுதான். ஆனால் எடுத்த இடத்தில் சிலருக்கு மாதக்கணக்கில் நோவு இருக்கலாம். எடுக்கக்கூடிய அளவும் குறைவு.

இரண்டாவது வகை, இறந்தவர் தானம் செய்த என்பு. கொழும்பிலுள்ள இலங்கைக் கண்தான சங்கம் மனித இழைய வங்கி ஒன்றையும் நடத்துகிறது. கிருமிகளை அழிக்கக் காமாக் கதிர் போன்ற முறைகள் பயன்படுகின்றன. பதப்படுத்தலின்போது உயிருள்ள கலங்கள் அழிந்துவிடுவதால் இதில் விதை இல்லை. பந்தல் உண்டு. அழைப்பு ஓரளவே எஞ்சும்.

மூன்றாவது வகை, கல்சியம் பொஸ்பேற்றினாலான செயற்கைப் பொருட்கள். எமது என்பின் பிரதான கனியம் ஐதரொட்சி அப்பதைற்று வகையைச் சேர்ந்தது. உரத்திற்காகத் தோண்டப்படும் எப்பாவல அப்பதைற்றும் இதே கனியக் குடும்பம்தான்! கடற்பவளத்தின் கல்சியம் காபனேற்றை இரசாயன முறையில் மாற்றியும் இப்பொருளைத் தயாரிக்கிறார்கள். பவளத்தின் நுண்துளைகள் என்பின் துளைகளை ஒத்திருப்பதே காரணம். இவை நல்ல பந்தல்கள். விதை இல்லாததால், பெரும்பாலும் சொந்த என்புடன் கலந்தே பயன்படுத்தப்படுகின்றன.

நான்காவது வகை, அழைப்பு மட்டுமே. அமிலத்தால் கனியங்கள் நீக்கப்பட்ட என்பை விலங்குகளின் தசைக்குள் வைத்தபோது அங்கே புதிய என்பு உருவானதை மார்ஷல் யூரிஸ்ட் 1965இல் அறிவித்தார். அந்த ஆய்வின் வழியில் வந்த பி.எம்.பி. புரதத்தை, நாரி முள்ளந்தண்டின் ஒருவகை இணைப்புக்காக 2002இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அனுமதித்தது. ஆனால் கழுத்தில் பயன்படுத்தியபோது சிலருக்கு வீக்கம் ஏற்பட்டு மூச்சுவிடுவதே சிரமமானதால், 2008இல் அதே நிர்வாகம் எச்சரிக்கை விடுத்தது. புதியது எல்லா இடத்திற்கும் நல்லது என்று எண்ணிவிட முடியாது.

குடும்பத்தார் செய்ய வேண்டியவை

எந்த ஒட்டு வைக்கப்படும், அது யாரிடமிருந்து அல்லது எதிலிருந்து பெறப்பட்டது என்று முன்கூட்டியே கேளுங்கள். சில பொருட்களில் மாட்டின் கொலஜன் சேர்க்கப்படுகிறது. மார்க்க ரீதியான சந்தேகம் இருந்தால், சத்திரசிகிச்சைக்கு முன்பே வைத்தியரிடமும் உலமாக்களிடமும் தெளிவு பெறலாம். கேள்வி கேட்பது மரியாதைக் குறைவல்ல. வீட்டில் புகைப்பவர் நோயாளியாக இருந்தால் அதை நிறுத்தவே வேண்டும். புகைத்தல் என்பு ஒட்டுவதைத் தடுக்கும் பிரதான காரணிகளில் ஒன்று.

எல்லாவற்றையும் விட முக்கியமானது பொறுமை. நோவு சில கிழமைகளில் குறையலாம், ஆனால் என்பு உறுதியாக ஒட்டுவதற்குப் பல மாதங்கள், சிலருக்கு ஒரு வருடம்கூட எடுக்கும்.

உம்மும்மாவுக்கு, நரம்பை விடுவிக்கும்போது முதுகில் அகற்றிய என்பு போதாமல், இடுப்பிலிருந்தும் சிறிது எடுத்தார்கள். ஆறாவது கிழமை, "இப்ப நோவு இல்லதானே" என்று கிணற்றடியில் நீர் நிறைந்த வாளியைத் தூக்கக் குனிந்தார். உம்மா ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டார். அன்றுதான் பந்தல், விதை, அழைப்பு என்று உம்மும்மாவுக்கு நான் முதன்முதலாக விளக்கினேன்.

முழுவதையும் கேட்டவர், "அப்ப கொடி படருற வரைக்கும் பந்தல ஆட்டக்கூடாது, அதானே?" என்றார். அதற்குப் பிறகு வாளியை நான்தான் தூக்குகிறேன்.