மதுவும் சங்கக் கடனும்

அங்கத்தினர் ஒருவர் தவணை தவறினால், மழை பொய்த்ததா, நூல் விலை ஏறிற்றா என்றே முதலில் ஆராய்கிறோம். இவ்விரண்டும் இல்லாதபோதும் பாக்கி நிற்குமாயின், அதற்குக் காரணம் சில இல்லங்களில் மதுவே என்பதைத் தணிக்கையின்போது காண்கிறோம். ஆகவே, அதனையே இம்மாதப் பாடமாகக் கொள்வோம்.

முன் வரலாறு

சென்னை மாகாணத்தில் மதுவிலக்கு முதன்முதல் நடைமுறைக்கு வந்தது சேலம் மாவட்டத்தில். நாள் 1937 அக்டோபர் 1. ராஜாஜி அமைச்சரவை அதனைச் செய்தது. 1965-இல் தனி மாவட்டமான தருமபுரி அன்று சேலத்தின் பகுதியே. வருவாய் இழப்பை ஈடுசெய்ய 1939-இல் விற்பனை வரி பிறந்தது. சேலத்தில் விளைந்த பயனைச் சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் பி. ஜே. தாமஸ் ஆராய்ந்தார்; கள்ளுக்குச் சென்ற கூலி, உணவுக்கும் துணிக்கும் திரும்பியதை அவ்வாராய்ச்சி காட்டிற்று.

போர்க்காலத்தில் மதுவிலக்குக் கைவிடப்பட்டது. 1948-இல் மாகாணம் முழுதும் வந்தது, 1971-இல் தளர்ந்தது. 2003 முதல் சில்லறை விற்பனையை அரசின் டாஸ்மாக் நிறுவனமே நடத்துகிறது. சட்டம் வரும், போகும். இல்லத்தின் கணக்கோ என்றும் நம் பொறுப்பு.

கணக்கு

நாளொன்றுக்கு ரூ. 150 மதுவுக்குச் செல்வதாகக் கொள்வோம். மாதம் 30 நாளுக்கு ரூ. 4,500, ஆண்டுக்கு ரூ. 54,000. விதைக்கும் பாவுக்கும் பிறரிடம் கைநீட்டும் குடும்பம், தன் முதலையே கரைத்துவிடுகிறது என்பது இதனால் விளங்கும்.

குற்றமன்று, நோய்

குடிக்கு அடிமையாதலை மருத்துவம் நோயென்றே கொள்கிறது. நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால், கைநடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் தோன்றலாம். உயிருக்கும் ஆபத்து நேரலாம். இதனைப் பேய்க்கோளாறு என எண்ணி மந்திரிக்கக் காலம் கடத்துதல் கூடாது. உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்க. தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை நாடலாம். 14446 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணிலும் ஆலோசனை பெறலாம்.

கள்ளச்சாராயத்தின் கேடு தனி. 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்டோர் உயிரைக் குடித்தது. வலி மாத்திரைகளைப் போதைக்கு நாடும் இளைஞரையும் கண்காணித்தல் வேண்டும்.

சங்கம் செய்யத்தக்கவை

1. கூலியையும் விளைபொருட் பணத்தையும், அங்கத்தினரின் இசைவுடன், கணவன் மனைவி கூட்டுக் கணக்கில் செலுத்துதல்.

2. நெசவாளர் சேமிப்புப் பாதுகாப்புத் திட்டத்தைத் தவறாது நடத்துதல். கூலியில் ரூபாய்க்கு 8 காசு அங்கத்தினர் செலுத்த, அரசு 4 காசு சேர்க்கிறது.

3. குடிப்பவரைச் சங்கத்திலிருந்து நீக்காதிருத்தல். நீக்கினால் அவர் செல்லுமிடம் கந்துவட்டிக்காரர் வாசலே.

4. சிகிச்சை பெற்று மீண்டவருக்குத் தறியோ வேலையோ காலதாமதமின்றி அளித்தல். சும்மா இருக்கும் கை பழைய வழக்கத்தையே தேடும்.

கூட்டத்தில் ஆராய வேண்டிய வினாக்கள்

(அ) நம் சங்கத்தில் தவணை தவறிய கடன்களுள், மதுவால் நேர்ந்தவை எத்தனை? பெயர் கூறாது எண்ணிக்கையை மட்டும் ஆராய்க.

(ஆ) கூலி வழங்கும் நாளையும் முறையையும் எவ்வாறு மாற்றினால் பணம் இல்லம் சேரும்?

(இ) சிகிச்சைக் காலத்தில் அக்குடும்பத்தின் அடுப்பு எரிய, நாம் செய்யக்கூடியது யாது?

மூன்றாம் வினாவுக்கு விடை காணும் சங்கமே கூட்டுறவு என்னும் பெயருக்கு உரியதாகும்.